அது வணக்கம் சொல்லவில்லை

என் குறிப்பேட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நேரே மூன்று வரிகள்தான் இருக்கின்றன. "17.40. செயலாளரின் கடை. சிவப்புப் பாண்டாவுக்குக் கருத்து இல்லையாம்." மூன்றாவது வரியில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. எரிச்சல் வந்தால் நான் அழுத்தி எழுதுவேன்.

பரிஸ் நகரின் லாச்சப்பலில், ரூ லூயி-பிளாங் தெருவில் உள்ள ஒரு பயண முகவர் நிலையத்தில் வேலை செய்கிறேன். கடவுச்சீட்டில் இருக்கும் பெயரையும் பிறந்த திகதியையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பயணச்சீட்டுப் போடுவது என் தொழில். ஓர் எழுத்துப் பிசகினால் விமான நிலையத்தில் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தப் பழக்கம் வீட்டிலும் என்னை விடவில்லை. குழாய் திருத்துபவர் எத்தனை மணிக்கு வருவதாகச் சொன்னார், எத்தனை மணிக்கு வந்தார், மகளுக்கு முதற்பல் விழுந்தது எந்தக் கிழமை, எல்லாம் குறிப்பேடுகளில் இருக்கின்றன. கணவர் இதை வருத்தம் என்பார், மருந்து எடுக்கச் சொல்லுவார். ஆனால் எப்போதாவது ஒரு திகதி தேவைப்பட்டால் என்னிடம்தான் வருவார்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. புறநகரான பொண்டியில் பிறந்து வளர்ந்தவள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். சனிக்கிழமைகளில் பொபினியில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு ஏழு வருடமாகப் போகிறாள். போகிறாள் என்பதைவிடக் கொண்டுபோய் விடுகிறேன் என்பது சரி. செப்டம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமை, இதுதான் கடைசி வருடம் என்று அறிவித்துவிட்டாள்.

எங்கள் தமிழ் வகுப்புகளின் வருடாந்தப் பேச்சுப் போட்டியை அறியாதவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். பிள்ளைகள் பேச்சை எழுதுவதில்லை. நிர்வாகக் குழு ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஒரு பேச்சை எழுதி அனுப்பும். பெற்றோர் அதைப் பிரெஞ்சு எழுத்தில் மாற்றி எழுதிக் கொடுப்போம். பிள்ளை பஸ்ஸிலும் குளியலறையிலும் வைத்து அதைப் பாடமாக்கும். ஒரு பிரிவில் பத்தொன்பது பிள்ளைகள் இருந்தால் பத்தொன்பது பேரும் அதே பேச்சைத்தான் பேசுவார்கள். அதே இடத்தில் கையை நீட்டுவார்கள், அதே இடத்தில் குரலை உயர்த்துவார்கள். பன்னிரண்டாவது பிள்ளை மேடைக்கு வரும்போது மண்டபம் முழுக்க வாயசைக்கும். போன வருடம் விருந்தினராக வந்தவர் நடுவில் எழுந்து போய்விட்டார். அதனால் இந்த முறை மகளின் வயதுக்குரிய நடுப்பிரிவுக்கு மட்டும் விருப்பத் தலைப்பு என்று அறிவித்தார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மகள் பிரெஞ்சில் சொன்னாள்: "சிவப்புப் பாண்டாவைப் பற்றி என்றால் பேசுகிறேன். எல்லாம் உண்மையாக இருக்கவேண்டும். அப்படி நடந்தால் அடுத்த வருடமும் வகுப்புக்கு வருவேன். யாராவது ஏதாவது மாற்றினால் முடிந்தது."

நான் அதைக் குறிப்பேட்டில் எழுதி, நேரம் போட்டு, அவளைக் கையெழுத்து வைக்கச் சொன்னேன். அவள் வைத்தாள். பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினாள். நானும் வைத்தேன்.

நகரசபை நூலகத்தில் கிடைத்த ஒரு புத்தகத்திலிருந்துதான் அவளுக்கு இந்தப் பைத்தியம் தொடங்கியது. ஐப்பசி முழுக்கச் சாப்பாட்டு மேசையில் வேறு கதை இல்லை. அவள் பிரெஞ்சில் சொல்ல நான் தமிழில் எழுதினேன். முதல் வரியிலேயே அகப்பட்டேன். "சிவப்புப் பாண்டா கரடி இனத்தைச் சேர்ந்தது" என்று எழுதி வாசித்துக் காட்டியபோது, அவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். அது கரடி இல்லை. பூனையும் இல்லை. அதற்குத் தனிக்குடும்பம், இன்றைக்கு உயிரோடு அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் இல்லை. நான் வரியை வெட்டினேன். பயணச்சீட்டில் ஒரு பிழையும் விடாத ஆளுக்கு இது நல்ல தொடக்கம் அல்ல.

பிறகு நானும் வாசிக்கத் தொடங்கினேன். எனக்குப் பிடித்தது திகதி. 1825ஆம் ஆண்டு, இதே பரிஸ் நகரில், ஒரு பிரெஞ்சு விலங்கியலாளர்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். கறுப்பு வெள்ளைப் பாண்டாவை ஐரோப்பியர் அறிந்தது 1869இல். ஆகவே பாண்டா என்ற பெயர் முதலில் இந்தச் சிறிய விலங்குக்கு உரியது. பெரியது நாற்பத்துநாலு வருடம் பிந்தி வந்து பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது உரிமைக்காரர் தன் பெயருக்கு முன்னால் நிறத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. இதைப் படித்த அன்று உண்மையிலேயே எனக்குக் கோபம் வந்தது.

மகளுக்குப் பிடித்தவை வேறு. நேபாளத்திலிருந்து பூட்டான், வட மியன்மார் வழியாகத் தென்மேற்குச் சீனம் வரை, மலையில் உயரத்தே, மூங்கில் அடர்ந்த குளிர்க்காடுகளில் அது வாழ்கிறது. வீட்டுப் பூனையைவிடச் சற்றுப் பெரிது. இவ்வளவு பளிச்சென்ற சிவப்பு எப்படி மறைந்திருக்கும் என்று நான் கேட்டேன். அங்குள்ள ஊசியிலை மரங்களின் கிளைகளில் செந்நிறப் பாசியும் வெள்ளைப் பாசியும் படர்ந்திருக்கும். செம்முதுகும் வெள்ளை முகமும் அதற்குள் கரைந்துவிடும். வயிறு கறுப்பு, கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு நிழல்தான் தெரியும். கணுக்கால் திரும்பக்கூடியது என்பதால் மரத்திலிருந்து தலைகீழாக இறங்கும். மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு விரல்போல ஆகி மூங்கிலைப் பிடித்துக்கொள்ளும். உள்ளங்காலிலும் மயிர். குளிருக்கு வாலைத் தன்மீது சுற்றிக்கொண்டு படுக்கும்.

அவளை மிகவும் கவர்ந்தது அதன் சாப்பாடு. மாமிசம் தின்னும் வரிசையில் பிறந்த விலங்கு. குடலும் அதற்கேற்ற குடல். ஆனால் தின்பது மூங்கில் இலை. தின்றதில் ஏறத்தாழக் கால்பங்குதான் உடம்பில் சேரும். அதனால் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம்வரை உணவு தேடவும் தின்னவும் போய்விடும். மிச்ச நேரம் தூக்கம். குட்டிகளோடு இருக்கும் தாயைத் தவிர மற்றதெல்லாம் தனியே திரியும். யாரோடும் பேச்சு வார்த்தை கிடையாது. "நல்ல வாழ்க்கை" என்றாள் மகள், என்னைப் பார்த்து.

எல்லாவற்றையும் மூன்று நிமிடத்துக்குள் அடக்கி, விதிப்படி இரண்டு கிழமைக்கு முன்பே நிர்வாகக் குழுவின் செயலாளருக்கு அனுப்பினேன். அடுத்த செவ்வாய் அவர் கூப்பிட்டார்.

செயலாளருக்கு லாச்சப்பலில் தொலைபேசிக் கடை. வேலை முடிந்து நான் போனபோது ஒரு தொலைபேசியின் திரைக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

"அக்கா, எழுத்து நல்ல வடிவு. பிழை ஒண்டும் இல்லை. ஆனா கருத்து இல்லை."

"கருத்து எண்டால்?"

"கேக்கிற சனம் வீட்டை என்னத்தைக் கொண்டு போறது? எறும்பு எண்டால் உழைப்பு. காகம் எண்டால் பகிர்ந்து சாப்பிடுறது. உங்கட பாண்டா என்ன செய்யுது?"

"மூங்கில் தின்னுது."

"பேந்து?"

"நித்திரை கொள்ளுது."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

மேசையின் கீழிருந்து என் தாளை எடுத்தார். சிவப்பு மையில் நாலு வரிகள் சேர்த்திருந்தார். சிவப்புப் பாண்டா ஓயாது உழைக்கும். கூட்டமாக ஒற்றுமையுடன் வாழும். யாரைக் கண்டாலும் எழுந்து நின்று இரு கைகளையும் தூக்கி வணக்கம் சொல்லும். நாமும் அதனிடம் பண்பாடு கற்போம். இவற்றுக்கு இடம் வேண்டும் என்பதற்காக 1825ஐ வெட்டியிருந்தார்.

"தம்பி, ஒற்றுமையாய் வாழுமெண்டு ஆர் சொன்னது? அது தனியத் திரியிற சீவன்."

"தனியவோ? அப்ப அதைச் சொல்லாதேங்கோ. பிள்ளையளுக்குப் பிழையான முன்மாதிரி."

"ஓயாது உழைக்குமெண்டு?"

"பதின்மூண்டு மணித்தியாலம் சாப்பாடு தேடுது எண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறியள். எங்கட ஆக்கள் றெஸ்ரோரண்டிலை அவ்வளவுதான் நிக்கினம். அது உழைப்பில்லையோ?"

பின்னால் நின்ற ஒருவர் "ஓம் அண்ணை, கேளுங்கோ, கேளுங்கோ" என்றார்.

வணக்கத்துக்கு வந்தோம். செயலாளர் தன் தொலைபேசியில் ஒரு காணொளியைப் போட்டுக் காட்டினார். ஏதோ ஒரு காட்சியகம். ஒரு சிவப்புப் பாண்டா பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்கள் இரண்டையும் தலைக்குமேல் தூக்கி நின்றது. படம் பிடித்தவர்கள் சிரிப்பது கேட்டது.

"கண்ணாலை பாருங்கோ, அக்கா. கை தூக்குதோ இல்லையோ?"

"தூக்குது. பயத்திலை தூக்குது. தன்னைப் பெரிசாக் காட்டி வெருட்டப் பாக்குது. காட்டிலை சிறுத்தையைக் கண்டாலும் அப்பிடித்தான் நிக்கும்."

"சிரிச்ச முகமாய்க் கிடக்கே."

"அதுக்கு முகமே அப்பிடித்தான்."

"உலகத்திலை எல்லாருக்கும் கை தூக்கினால் வணக்கம். உங்கட வீட்டிலை மட்டும் பயம்" என்று சொல்லிக் கண்ணாடியின் காற்றுக் குமிழை நகத்தால் தள்ளினார். "இதிலை மெய்ப்பாட்டுக்குப் புள்ளி இருக்கு. பிள்ளை ரெண்டு கையையும் தூக்கிச் சிரிச்சுக்கொண்டு நிண்டால் நடுவர்மார் அள்ளிப் போடுவினம். நான் உங்கட பிள்ளைக்காகத்தான் சொல்லுறன்."

அதுதான் சங்கடம். அவர் உண்மையிலேயே அவளுக்காகத்தான் சொன்னார். கடை வாடிக்கையாளரை நிறுத்திவைத்து, கூலியில்லாமல், முப்பது பிள்ளைகளின் பேச்சைத் திருத்திக்கொண்டிருக்கும் மனிதர். நான் பேரம் பேசினேன். ஒற்றுமையை எடுத்தார். "ஓயாது" என்ற சொல்லை எடுத்தார். வணக்கத்தை எடுக்கமாட்டேன் என்றார். மறுநாள் விழா மலர் அச்சுக்குப் போகிறது, எல்லாப் பேச்சும் மலரில் வரும், மலரில் இருப்பதைத்தான் மேடையில் பேசவேண்டும். எனக்குப் பின்னால் இப்போது ஆறு பேர். 18.25. நான் "ஓம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் ஒரு வரிதானே என்றேன். அவள் தாளை வாசித்தாள். தமிழ் எழுத்தில் இருந்ததால் விரலை வைத்து மெதுவாக வாசித்தாள். "வணக்கம்" வந்ததும் விரல் நின்றது.

"இது பொய்" என்றாள் பிரெஞ்சில். "அது பயந்து நிற்கிறது. நீங்கள் பயணச்சீட்டில் ஒரு எழுத்தை இப்படி விடுவீர்களா?"

"விடமாட்டன். ஆனா இது பயணச்சீட்டு இல்லை, பிள்ளை."

அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். குறிப்பேட்டைக் கேட்கவில்லை. அடுத்த பத்து நாளும் பேச்சைப் பாடமாக்கினாள், வணக்க வரியையும் சேர்த்து. அது எனக்குச் சந்தோசமாக இருந்திருக்கவேண்டும். எரிச்சலாக இருந்தது. சண்டை பிடித்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. அழைப்பிதழில் 9.00 என்று இருந்தது. மங்கல விளக்கு ஏற்றியது 10.50. மேடைத் திரையில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு படம். என் மகளின் தலைப்புக்குக் கறுப்பு வெள்ளைப் பாண்டாவின் படத்தைப் போட்டு, வெள்ளை இருந்த இடமெல்லாம் சிவப்படித்திருந்தார்கள். நான் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பினேன். கணவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இரு. பிந்தி வந்தது பேரைத்தானே எடுத்தது. இப்ப நிறத்தையும் எடுத்திட்டுது. அவ்வளவுதான்."

ஐப்பசி முழுக்க அந்த மேசையில் அவரும் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மகள் ஏழாவதாக வந்தாள். அவையோரை வரவேற்று, இமயத்தின் குளிர்க்காட்டைச் சொல்லி, பாசியில் மறையும் சிவப்பைச் சொல்லி, தலைகீழாக இறங்குவதைச் சொன்னபோது சபை கவனித்தது. அந்தக் காலையில் புதிதாக ஒன்றைக் கேட்டது அப்போதுதான். பிறகு அந்த வரிக்கு வந்தாள்.

"யாரைக் கண்டாலும் எழுந்து நின்று இரு கைகளையும் தூக்கி வணக்கம் சொல்லும்" என்றாள், பாடமாக்கிய குரலில். நிறுத்தினாள். "எண்டு மலரிலை கிடக்கு. அது பிழை."

எங்கோ ஒரு கதிரை இழுபட்டது.

"அது பயந்து போய் நிக்குது. ஓட இடம் இல்லாட்டி இப்பிடி நிக்கும்."

குதிக்காலை உயர்த்தி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி நின்றாள். செயலாளர் சொன்ன சிரிப்பு அவள் முகத்தில் இல்லை. சபை சிரித்தது. முதல் வரிசையில் மட்டும் ஏழு தொலைபேசிகள் உயர்ந்தன. நான் எண்ணினேன், அந்த நேரத்திலும். அவள் கையை இறக்கவில்லை. இரண்டரை நிமிட மணி அடித்தது. சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்து, அங்குமிங்கும் ஒன்றிரண்டாகி, நின்றது. தூக்கிய கைகள் அப்போதும் தலைக்குமேல்தான் இருந்தன.

"அது பயந்து நிக்கேக்கையும் ஆக்கள் இப்பிடித்தான் படம் எடுக்கினம்" என்றாள். பிறகு "நன்றி" என்று சொல்லி இறங்கினாள். எங்கள் பேச்செல்லாம் "நன்றி, வணக்கம்" என்றுதான் முடியும். இரண்டாவது சொல்லை விட்டுவிட்டாள்.

அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. மலரில் இல்லாததைப் பேசியதற்குப் புள்ளி வெட்டினார்கள். ஒரு நடுவர் கருத்துக்குப் பூச்சியம் போட்டிருந்தார். இன்னொரு நடுவர், புதுச்சேரிக்காரர், இங்கே அரசாங்க அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற அம்மா, முழுப்புள்ளி போட்டிருந்தார். தேநீர் வேளையில் எங்களைத் தேடி வந்தார்.

"ரெத்ரேத் வாங்கி வீட்ல உட்கார்ந்த நாளா இந்தப் போட்டிக்கு வர்றேன்மா. இன்னைக்குத்தான் எனக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு கேட்டேன். அந்த வெள்ளைப் பாசின்னியே, நாங்க கறிக்குப் போடுவமே கல்பாசி, அந்த மாதிரியா?"

மகள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியாது என்றேன். "நான் பார்த்துச் சொல்றேன்" என்று அவள் தமிழில் அந்த அம்மாவின் பேச்சிலேயே சொன்னாள், எங்கே பிடித்தாளோ.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் குறிப்பேட்டைக் கேட்டாள். கையெழுத்துப் பக்கத்தைத் திறந்தாள்.

"மாற்றியது யார்?"

"எழுதினது செயலாளர். ஓம் எண்டது நான்."

"அப்படியென்றால் நான் வரத் தேவையில்லை."

"ஓம். தேவையில்லை."

பொண்டிக்கு இன்னும் மூன்று தரிப்பிடம் இருந்தது. இரண்டாவது தரிப்பிடத்தில் சொன்னாள்: "மலரில் அந்தப் பொய் இருக்கிறது. அதைத் திருத்தினால் வருகிறேன். எல்லா மலரிலும்."

திங்கட்கிழமை 12.30க்கு, சாப்பாட்டு இடைவேளையில், செயலாளரின் கடைக்குப் போனேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். சபையில் மலரைப் பிழை என்று ஒரு பிள்ளை சொன்னது அவருக்கு ஆறவில்லை.

"கொடுத்து முடிஞ்ச மலருக்கு நான் என்ன செய்யிறது, அக்கா?"

"குடுத்து முடியாதது எத்தினை?"

"ஒரு நூற்றுநாப்பது கிடக்கும். பொபினி வகுப்பு அலுமாரியிலை."

"அதிலை பிழை திருத்தம் ஒட்டுவம்."

"ஆர் ஒட்டுறது?"

"நாங்கள்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். "உங்கட வீட்டிலை எல்லாருக்கும் உதே வருத்தம்" என்று சொல்லி அலுமாரியின் திறப்பை எடுத்துத் தந்தார்.

அடுத்த சனிக்கிழமை மகள் தானாக எழும்பிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். வகுப்பு முடிந்தபின் அலுமாரிக்குப் பக்கத்து மேசையில் இருந்தோம். திருத்தச் சீட்டை நான் அச்சடித்துத் தருகிறேன் என்றிருந்தேன். என் எழுத்தை இனி நம்பமுடியாது என்று அவளே தமிழில் கையால் எழுதிப் பிரதி எடுத்திருந்தாள். பக்கம், வரி, பிழை, திருத்தம். எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஆனால் பிழை இல்லை. ஒட்டி முடிக்க எத்தனை சனிக்கிழமை எடுக்கும் என்று கணக்குப் பார்த்தேன். அவள் ஒவ்வொன்றையும் ஓரம் பார்த்து ஒட்டும் வேகத்துக்கு, குறைந்தது நாலு எடுக்கும்.

செயலாளர் 16.10க்கு வந்தார். ஒரு மலரை எடுத்துப் பார்த்தார். சீட்டை நகத்தால் தடவிக் காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று பார்த்தார்.

"வடிவாய்த்தான் ஒட்டியிருக்கிறியள். கீழை கொஞ்சம் இடம் கிடக்கு. ஒரு கருத்துப் போடுங்கோவன்."

நான் பசைக் குப்பியை மேசையில் வைத்தேன். வைத்த சத்தத்தில் இருவரும் திரும்பினார்கள். மகள்தான் பேசினாள்.

"ஓம் மாமா, போடலாம்."

பேனாவை எடுத்து, அவர் கையிலிருந்த மலரின் சீட்டுக்குக் கீழே எழுதினாள். "பயந்து நிற்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்."

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். தலையாட்டினார்.

"இதைத்தானே நானும் கேட்டனான்" என்றார் என்னிடம். "இதை முதலே எழுதியிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திராதே, அக்கா."

நான் அடுத்த மலரை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினேன். இன்னும் நூற்றுப்பதினொரு மலர் இருந்தது.